நாற்பது வீடுகளுக்குப் போன தப்புக் கணக்கு

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வத்தலக்குண்டு வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம்தான் பணியில் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். நலம் விசாரித்த கையோடு, "சார், கிளாஸ்ல யூஸ் பண்றதுக்கு எந்த ஆப் சார் நல்லா இருக்கும்? நாலஞ்சு சொல்லுங்க, இறக்கி வச்சுக்கிறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து செம்பட்டி தாண்டும்வரை யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆப்பின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர்தான்.

அந்தத் தம்பிக்கும், அவரோடு இந்த வருடம் பணியில் சேர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். டீச்சரின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் கோபித்துக்கொள்வார்.

நான் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து தினமும் போய்வருவேன். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்த சமயத்தில் அந்த டீச்சர் எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்தார். அறிவியல் பாடம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அதற்கு முன்பு சிறுமலையில் வேலை பார்த்தவர். மலையில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் செல்போன் சிக்னலே எடுக்காதாம். வார விடுமுறையில் கீழே வீட்டுக்கு வரும்போது, அடுத்த வாரத்துக்கு வேண்டியதைப் போனில் இறக்கிக்கொண்டுதான் மறுபடி பஸ் ஏறுவாராம்.

"மேல போனப்புறம் ஒண்ணும் தேட முடியாது சார். அதனால இந்த வாரம் பிள்ளைகளுக்கு எந்த எடத்துல புரியாமப் போகும்னு கீழேயே உக்காந்து யோசிச்சு, அந்த எடத்துக்கு மட்டும் ஒண்ணு எடுத்துட்டுப் போவேன். ஒரு வாரத்துக்கு ஒரு நிமிச வீடியோ ரெண்டு இருந்தாப் போதும்" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், வசதி இல்லாத பள்ளியில் இருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் வசதி இருந்தது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு புரொஜெக்டரும் திரையும் வாங்கித் தந்திருந்தார்கள். அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குப் பெருமை. பின்னம், கோணம், பரப்பளவு என்று எல்லாவற்றுக்கும் வீடியோ வைத்திருந்தேன். இருபது நிமிடம் ஓடும். பாட்டு, வண்ணம், பொம்மை எல்லாம் இருக்கும். ஏழாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அந்த இருபது நிமிடமும் ஒரு சத்தம் வராது. அந்த அமைதியைப் பார்த்து எல்லாருக்கும் புரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் பாடவேளையில் டீச்சருக்கு ஓய்வு. "சார், நானும் செத்த நேரம் பின்னால உக்காந்துக்கவா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். வகுப்பு முடிந்ததும் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"படம் நல்லா இருந்துச்சு சார்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "படம் ஓடையில பிள்ளைக திரையப் பார்த்தாங்க. நீங்களும் திரையப் பார்த்தீங்க. பிள்ளைகள யாரு சார் பார்த்தா?" என்றார்.

சுருக்கென்று இருந்தது. கேலியாகக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி கேட்டார். அதனால் மறுநாள் அவருடைய வகுப்பில் போய் நானும் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நீர் ஆவியாவது பற்றிய பாடம். என்னுடைய புரொஜெக்டரைத்தான் வாங்கிப் போயிருந்தார். ஒரு ஈரத்துணி வெயிலில் காய்வதை வேகமாக ஓடவிட்ட சின்னப் படம். ஒரு நிமிடம்கூட இராது. சத்தத்தை அணைத்துவிட்டார். துணி பாதி காய்ந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். திரைக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு, "தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு பேசவே இல்லை. பத்து விநாடி போயிருக்கும், எனக்கு உள்ளுக்குள் பதறியது. ஒரு பையன் "துணிக்குள்ள போயிருச்சு" என்றான். ஒரு பெண் "தரையில ஊறிருச்சு" என்றாள். "கயித்துல தொங்குது, தரையில எப்படி ஊறும்?" என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். மீதிப் படத்தை அவர் போடவே இல்லை. தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து நான் அவரிடம் கேட்கத் தொடங்கினேன். முப்பது வருடம் வேலை பார்த்தவன், தன்னைவிட இளையவரிடம் போய்க் கேட்பது எளிதாக இல்லை. ஆனால் அவரிடம் கேட்பதில் ஒரு வசதி இருந்தது. தெரியாது என்றால் அவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

அவர் முதலில் சொன்னது எனக்கு விநோதமாகப் பட்டது. "சார், ஒருநாள் உங்க போன்ல ரெக்கார்டரப் போட்டுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு கிளாஸ் எடுங்க. வீட்டுக்குப் போகையில பஸ்ல கேளுங்க. யாருக்கும் போட்டுக் காட்ட வேணாம். கேட்டுட்டு அழிச்சிருங்க."

செய்தேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த நாற்பது நிமிடத்தையும் கேட்டேன். உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், பாதி வழியில் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. கேள்வி கேட்கிறேன், பிள்ளைகள் மூச்சு விடுவதற்குள் நானே விடையைச் சொல்கிறேன். கூப்பிடுவதெல்லாம் அதே நான்கு பேர். கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் இரண்டு தடவை சரியான விடையைச் சொல்கிறது. நான் அதன் மேலேயே பேசிக்கொண்டு போகிறேன். வகுப்பில் நிற்கும்போது அந்தக் குரல் என் காதில் விழவே இல்லை. யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் டீச்சரிடம், "கேட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "நானும் மொத தடவ கேட்டுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல சார்" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று பழக ஆரம்பித்தேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இதுவரை சொன்னதைவிட இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

டீச்சர் வகுப்பில் ஒரு காரியம் செய்வார். பிள்ளைகளின் நோட்டைப் போனில் படம் எடுத்துத் திரையில் காட்டுவார். புத்தகத்துப் படத்தைவிடத் தங்களில் ஒருவர் எழுதியதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நானும் செய்யலாமே என்று தோன்றியது.

ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. விடுமுறை, தேர்வு, சீருடை என்று அறிவிப்புகள் மட்டும் போகும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்பது கேள்வி. ஒரு பெண், மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். பாதி வகுப்பு செய்கிற தப்புதான். அவள் கையெழுத்து தெளிவாக இருந்ததால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தேன். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. 'பின்னங்களை இப்படிக் கூட்டக் கூடாது. பெற்றோர் கவனிக்கவும்' என்று எழுதிக் குரூப்பில் போட்டுவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தின் மேல் ஓரத்தில் அவள் பெயரும் வகுப்பும் இருந்தன. அதை நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணை இங்கே நிவேதா என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய உண்மைப் பெயரைக் காட்டக் கூடாத இடத்தில் ஒரு தடவை காட்டியவன் நான். இன்னொரு தடவை காட்டமாட்டேன்.

திங்கள்கிழமை நிவேதா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவ இனிமே வரமாட்டாளாம் சார். நீங்க போட்ட படத்த அவ சித்தப்பா அவங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டாராம். 'எங்க வீட்டுக் கணக்குப் புலி'ன்னு எழுதி. எல்லாரும் சிரிக்கிற பொம்மையா அனுப்பிருக்காங்க. கோயில்ல வச்சும் கேலி பண்ணாங்களாம்."

நான் ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். போனை எடுத்துப் படத்தை அழித்தேன். அழித்தபிறகுதான் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று உறைத்தது. டீச்சர் எதிரே இருந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "நானும் பண்ணிருக்கேன் சார்" என்றார்.

சிறுமலையில் ஒரு பெண் திக்கித் திக்கி வாசிப்பாளாம். அவள் வாசிப்பதைப் பதிவு செய்து, எங்கே திக்குகிறாள் என்று அவளுக்கே காட்டலாம் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் போட்டாராம். "அந்த வருசம் முழுக்க அந்தப் பிள்ளை எனக்கு வாசிச்சுக் காட்டவே இல்ல சார். அன்னையிலருந்துதான், நோட்டக் காட்டணும்னா முதல் நாளே அந்தப் பிள்ளையத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பேன். சரின்னா மட்டும் எடுப்பேன். எடுக்கையில பேரு மேல சாக்பீஸ் டப்பாவ வச்சு மறைச்சிருவேன்."

நான் அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திரையில் வந்த நோட்டைப் பார்த்தேன். அதன் மேல் ஓரத்தில் இருந்த சாக்பீஸ் டப்பாவைக் கவனிக்கவில்லை.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். குரூப்பிலேயே மன்னிப்புக் கேட்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், ஓய்வு பெறப் போற நேரத்துல எதுக்கு இது? நீங்களா தப்புன்னு ஒத்துக்கிட்டா அது ஆதாரம் ஆயிரும். யாராச்சும் மேல அனுப்பிட்டா விசாரணை, விளக்கம்னு உங்களத்தான் இழுத்தடிப்பாங்க. படத்தத்தான் அழிச்சாச்சுல்ல. கமுக்கமா விட்டுருங்க. வேணும்னா அந்தப் புள்ள வீட்டுக்கு மட்டும் போய்ப் பேசிட்டு வாங்க. ரெண்டு நாள்ல ஊரு மறந்துரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. பயம் வந்துவிட்டால் எல்லாமே நியாயமாகப் படும். வெளியே வந்து டீச்சரிடம், வீட்டுக்கு மட்டும் போய்வரலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"போகணும் சார். நானும் வாரேன்" என்றார். பிறகு, "ஆனா தனியாப் போய்க் கேட்டா அவுக வீட்டுல அஞ்சு பேருக்குத் தெரியும். படத்தப் பார்த்தது நாப்பது வீடு சார்" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

அந்தப் பாடவேளை முழுவதும் உட்கார்ந்து ஒரு மன்னிப்பு எழுதினேன். 'மேற்கண்ட பதிவினால் ஏற்பட்ட மன வருத்தத்திற்கு' என்று தொடங்கி எட்டு வரி. டீச்சர் திரும்பி வந்ததும் காட்டினேன். வாசித்துவிட்டு, "இத நிவேதா அம்மாவால வாசிக்க முடியுமா சார்?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும் என்பது எனக்கும் தெரியும். கையெழுத்துப் போட வரும்போது பார்த்திருக்கிறேன். எழுதியதை அழித்தேன்.

பள்ளிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, குரூப்பைத் திறந்து, மைக் படத்தை அழுத்திப் பேசினேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை காரணங்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவதை அனுப்பினேன். அதில் நான் பேசியது இதுதான்:

"வணக்கம். கணக்கு வாத்தியார் பேசுறேன். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையோட நோட்டப் படம் எடுத்து இந்தக் குரூப்புல போட்டேன். அந்தப் பிள்ளைகிட்டக் கேக்காமப் போட்டேன். பேரு தெரியிற மாதிரி போட்டேன். அது என் தப்பு. அந்தக் கணக்கு தப்பாப் போனதும் என் பொறுப்புதான், ஏன்னா சொல்லிக்குடுத்தது நான். யாராச்சும் அந்தப் படத்த வச்சிருந்தா தயவு செஞ்சு அழிச்சிருங்க. அந்தப் பிள்ளைகிட்டயும் அவங்க அம்மா அப்பாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அனுப்பிவிட்டு அந்தப் போனைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒருவரும் பதில் போடவில்லை.

சாயங்காலம் நானும் டீச்சரும் நிவேதாவின் வீட்டுக்குப் போனோம். பூ விவசாயம் செய்கிற குடும்பம். வீட்டை ஒட்டியே மல்லிகைத் தோட்டம். விடிவதற்குள் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். "நீங்க பேசுனதக் கேட்டோம் சார். அம்புட்டுத் தூரம் நீங்க எறங்கியிருக்க வேணாம். எந்தம்பிதான் அறிவு கெட்டவன். அவன நான் வையாத வசவு இல்ல. ஆனா புள்ள வரமாட்டேங்குது. அடிச்சா இழுத்துட்டு வர முடியும்?" என்றார்.

நிவேதா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் பாவாடை ஓரம் மட்டும் தெரிந்தது. அவள் அம்மா, "வா தாயி, சாரு ஒன்னத் தேடி வந்துருக்காரு" என்று கூப்பிட்டும் வரவில்லை.

நான் அங்கிருந்தே மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கு வா என்று கெஞ்சலாமா, படிப்பின் அருமையைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் அந்த இரண்டையும் செய்யவில்லை. கதவைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டார்: "நிவேதா, எனக்கு ஒரு சந்தேகம்மா. அஞ்சுல ரெண்டுன்னு எழுதுனியே, அது எப்படி வந்துச்சு? சும்மா எழுதுன மாதிரி தெரியல. என்னமோ நெனச்சுத்தான எழுதியிருப்ப?"

அவள் அப்பா அவளுக்காகப் பேச வாயெடுத்தார். டீச்சர் கையால் வேண்டாம் என்று சைகை செய்தார். காத்திருந்தோம்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கூடைய நெனச்சேன் டீச்சர்."

"என்ன கூடை?"

"ஒருநா ரெண்டு கூடை போகும். அதுல ஒரு கூடை நான் பறிச்சது. அது ரெண்டுல ஒண்ணு. மறுநா மூணு கூடை போகும். அதுல ஒரு கூடை நான் பறிச்சது. அது மூணுல ஒண்ணு. ரெண்டு நாளுக்கும் மொத்தம் அஞ்சு கூடை. அதுல ரெண்டு நான் பறிச்சது. அஞ்சுல ரெண்டுதான?"

அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. ஐந்து கூடையில் இரண்டு கூடைதான். முப்பது வருடமாக இந்த விடைக்கு எத்தனை பிள்ளைகளுக்குப் பெருக்கல் குறி போட்டிருப்பேன். கவனமில்லாமல் கூட்டுகிறார்கள் என்று திட்டியிருப்பேன். ஒருவரிடமும் எப்படி வந்தது என்று கேட்டதில்லை.

டீச்சர் என்னைப் பார்த்து, "சார், இது உங்க பாடம்" என்றார்.

"அம்மா, நீ சொன்னது சரிதான்" என்றேன். பாவாடை ஓரம் அசைந்தது. "நான் கேட்ட கேள்விதான் வேற. நீ வேற வேற கூடைய நெனச்சிருக்க. நான் ஒரே ஒரு கூடைய வச்சுக் கேட்டேன். ஒரே கூடைதான். முதல்ல அதுல பாதிக்குப் பூவப் போடுற. அப்புறம் அதே கூடையில மூணுல ஒரு பங்கு அளவுக்கு இன்னும் போடுற. இப்பக் கூடை எம்புட்டு நெறஞ்சிருக்கும்?"

பிறகு அவள் மெதுவாக வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அப்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை. முற்றத்தில் கிடந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாதிய விடக் கூடத்தான சார் வரணும்" என்றாள். "அஞ்சுல ரெண்டு பாதியவிடக் கம்மியாச்சே."

பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் பாராட்டுவதற்கு முன் டீச்சர் தன் போனை எடுத்தார். "இத நீ சொல்றத அப்படியே எடுத்துக்கவா? நம்ம கிளாசுக்குப் போட்டுக் காட்டலாம். உனக்கு இஷ்டம் இல்லேன்னா வேணாம்" என்றார். கேட்டுவிட்டுப் போனைத் திரும்பத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நிவேதா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மொகம் வேணாம் டீச்சர். கைய மட்டும் எடுங்க."

முற்றத்தில் வெளிச்சம் இருந்தது. அவள் அம்மா கூடைகளை எடுத்து வைத்தார். இரண்டு கையும் ஐந்து கூடையும் மட்டும் தெரிகிற மாதிரி டீச்சர் எடுத்தார். நிவேதா முதலில் தன்னுடைய ஐந்தில் இரண்டை விளக்கிச் சொன்னாள். ஒரே கூடை விஷயத்துக்கு வரும் முன்பே டீச்சர் நிறுத்திவிட்டார். நாளைக்கு வருகிறாயா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் மணி அடித்தபோது அவள் இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவு எடுத்து முடிக்கும்போது வாசலில் வந்து நின்றாள். "உள்ள வா" என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் படத்தைப் போடவும் இல்லை. அடுத்த திங்கள்கிழமை அவளே மேஜையருகில் வந்து, "இன்னைக்குப் போடலாம் சார்" என்றாள்.

போட்டேன். இந்த முறை திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். இரண்டு கை, ஐந்து கூடை, ஒரு குரல். முடிந்ததும், "இது சரியா, தப்பா?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். எப்போதும் முதலில் கை தூக்குகிற நான்கு பேரும் கை தூக்கி, "தப்பு" என்றார்கள். "எந்த எடத்துல தப்பு?" என்றேன். அவர்களால் காட்ட முடியவில்லை. கை தானாக இறங்கியது. பின் வரிசையில் ஒரு பையன், "கூடை கணக்கு சரியாத்தான சார் இருக்கு" என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒருத்தி எழுந்து வந்து கரும்பலகையில் கூடை வரைந்தாள். அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண், "ஏய், இது நிவேதா குரல்ல" என்றாள்.

வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. நான் குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். டீச்சராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துச் சும்மா நின்றேன்.

நிவேதா எழுந்தாள். "ஆமா, நான்தான். எங்க தப்புன்னு எனக்குத் தெரியும். நீங்க கண்டுபிடிங்க" என்றாள்.

அன்றைய பாடவேளையை என் பணிக்காலத்தின் மிகச் சிறந்த பாடவேளை என்று எந்த மேடையிலும் சொல்வேன். நான் அதில் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது.

தலைமையாசிரியர் பயந்த மாதிரி விசாரணை எதுவும் வரவில்லை. வந்திருக்கலாம். வந்திருந்தாலும் நான் அந்தப் பேச்சை அனுப்பியதற்கு வருந்தியிருக்கமாட்டேன் என்று இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்கு மரத்தடியில் நின்றபோது பயந்தது உண்மை. உங்களுக்கும் ஒருநாள் அந்தப் பயம் வரும். அப்போது எந்த இடத்தில் தப்புச் செய்தீர்களோ அந்த இடத்திலேயே நின்று ஒத்துக்கொள்ளுங்கள். டீச்சரிடம் நான் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது அதுதான்.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அறிவிப்புப் பலகை மாதிரி கிடந்த அந்தக் குரூப்பில் பெற்றோர்கள் பேச ஆரம்பித்தார்கள். வாத்தியாரே வாயால் பேசிவிட்டார், நாமும் பேசலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. எழுத வராததால்தான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. "சார், இன்னைக்கு வீட்டுப்பாடமே இல்லேங்குறான், நெசந்தானா?" என்று ஒரு அப்பா கேட்டார். பையனின் மறுப்பும் அதே பதிவில் பின்னால் கேட்டது.

இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு மதிய இடைவேளையில் நிவேதாவின் அம்மாவிடமிருந்து ஒரு பேச்சுப் பதிவு வந்தது. ஆசிரியர் அறையில் நானும் டீச்சரும் மட்டும் இருந்தோம். சத்தமாகவே போட்டேன். பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம். அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"சார், நான் நிவேதா அம்மா பேசுறேன். புள்ள எனக்குக் கணக்குச் சொல்லித் தருது. பாதிக் கூடையும், மூணுல ஒரு பங்கும் சேத்தா, கூடை நெறையாதுங்குது. ஆறுல ஒரு பங்கு குறையுமாம். நான் பூவப் போட்டும் பார்த்துட்டேன் சார். கொஞ்சம் குறையத்தான் செய்யுது. அப்ப நெறஞ்சது ஆறுல அஞ்சு பங்கு. சரியா சார்?"

நான் உடனே மைக்கை அழுத்தி, "சரிங்கம்மா. ஆறுல அஞ்சுதான். சரியான விடை" என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பதிவு வந்தது. இந்த முறை மோட்டார் சத்தம் இல்லை. எங்கேயோ தள்ளிப் போய் நின்று பேசியிருக்கிறார்.

"நான் மூணாப்புவரைக்கும் போனேன் சார். கணக்குல ஒருநாளும் சரின்னு வாங்குனதில்ல. நீங்க பேசுன இத அழிக்காம வச்சுக்கிறேன்."

டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார். "இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார். போட்டேன்.